சாவியும் செருப்பும்

"மூளையைப் பற்றிப் படிக்கிறீர்களாமே, அண்ணா! படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்கள் ஊரிலிருந்து வந்து இறங்கியதும், நம் சங்கத்தின் வரவேற்புக் கூட்டத்தில் யாராவது ஒருவர் என்னிடம் இக்கேள்வியைக் கேட்பது வழக்கமாகி விட்டது. நான் எம்.எஸ்ஸி. வகுப்பில் நரம்பு உயிரியல் படிக்கிறேன். சென்ற ஆண்டு வரையில் இதற்கு நான் ஒரு பெரிய விடை வைத்திருந்தேன். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அண்டத்தை அளந்த மனிதன் தன் தலைக்குள் இருப்பதை இன்னும் அளந்தானில்லை. அதை அளக்கப் புறப்பட்டவர்கள் நாங்கள் என்றெல்லாம் அடுக்கிச் சொல்வேன். கேட்ட தம்பிகளும் தங்கைகளும் வாய் பிளந்து நிற்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

இவ்வாண்டு அவ்விடையைச் சொல்ல என் நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பர் மாதம். பருவத் தேர்வுகள் நடந்து கொண்டிருந்தன. தில்லிக் குளிர் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு மெஸ்ஸில் ராஜ்மாவும் சோறும் தட்டில் ஏந்திக் கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு எதிர்ப் பலகையில் நம் சங்கத்தைச் சேர்ந்த தம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதலாண்டு மாணவன். பேசிக் கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தினான். கண்கள் ஒரு பக்கமாகச் சென்று நிலைத்தன. ஒரு கூச்சல், அவ்வளவுதான். உடல் விறைத்துப் பலகையிலிருந்து சாய்ந்தான். பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின.

மெஸ் முழுதும் எழுந்து நின்றது. அங்கே இருந்தவர்கள் யார்? பௌதிகம் படிப்பவர், இரசாயனம் படிப்பவர், பொருளாதாரம் படிப்பவர். ஒருவர் தம் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக் கொண்டு ஓடி வந்தார், மூக்கில் வைத்து முகரச் செய்ய. அது இந்தப் பக்கத்து வைத்தியம். மற்றொருவர் பற்களுக்கு இடையே கரண்டியைச் செருகப் பார்த்தார். "நீதானே மூளை படிக்கிறவன், ஏதாவது செய்!" என்று யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து விடுதி அறையின் சாவிக் கொத்தை எடுத்து அவன் கைக்குள் வைத்து அழுத்தினேன்.

ஆம், நண்பர்களே. இரும்பைக் கொடுத்தேன். சிறு வயதில் எங்கள் தெருவில் பார்த்தது அது. மூன்று நாட்களுக்கு முன்புதான் நரம்பணு எவ்வாறு மின் துடிப்பை எழுப்புகின்றது என்ற வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதி விட்டு வந்திருந்தேன். அவ்வினாவுக்கு எனக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைத்தது என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த அறிவு என் தலையில் இருந்தது, கைக்கு வரவில்லை. கைக்கு வந்தது சாவி.

செய்ய வேண்டியதைச் செய்தவர் மெஸ்ஸில் ரொட்டி சுடும் பெரியவர். கடுவால் மலைப் பக்கத்தவர். அவர் வந்து செருப்பையும் கரண்டியையும் விலக்கினார். பலகையைத் தூர இழுக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை மடித்துத் தம்பியின் தலைக்கு அடியில் வைத்தார். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். இழுப்பு அடங்கத் தொடங்கியதும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், எச்சில் தொண்டையில் இறங்காமல் வெளியே வழிந்து போகும்படியாக. அதற்கு முன்பே சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்து வைத்துக் கொண்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் அடங்கி விட்டது. அவருடைய மகளுக்கு இதே நோய் உண்டாம். அரசாங்க மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா அவருக்கு இந்தியில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். "ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால்தான் வண்டி கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்" என்றார்.

கண் விழித்த தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்தான். சாவியின் பற்கள் அதில் பதிந்து சிவந்திருந்தன. "வீட்டிலும் இதைத்தான் கொடுப்பார்கள், அண்ணா" என்றான். நான் தலை குனிந்தேன்.

அன்றிரவு அவனோடு அறையில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னவை இன்னும் என்னை வருத்துகின்றன. பத்தாம் வகுப்பிலிருந்தே மாத்திரை சாப்பிட்டு வருகிறான். அறைத் தோழனுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரைகளைச் சத்து மாத்திரைப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறான். அவற்றைச் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது, படிக்க முடியவில்லை என்று தேர்வுக்காக இரண்டு நாள் நிறுத்தி விட்டான். அந்த இரண்டு இரவும் கண் விழித்தும் படித்தான். மாத்திரையை நிறுத்துவதும் தூக்கத்தைக் கெடுப்பதும் வலிப்பை வா என்று அழைக்கும் இரண்டு வெற்றிலை பாக்குகள் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருக்கிறார்கள், அண்ணா. யாரிடமும் சொல்லி விடாதீர்கள்" என்று கையைப் பிடித்துக் கொண்டான். இப்பொழுது அவனே இக்கட்டுரையைப் படித்துப் பார்த்து, பெயரில்லாமல் எழுதலாம் என்று சம்மதித்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

இரும்பைக் கொடுத்ததும் வலிப்பு நின்றதே என்று சிலர் கேட்கலாம். நின்றது உண்மை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்று விடும். சாவியைத் தேடி எடுத்துக் கொண்டு வருவதற்குள் அந்த நேரம் கழிந்து விடுகின்றது. நோய் போகும் வாயிலில் சாவி வந்து நிற்கின்றது. பெயரைத் தட்டிக் கொண்டு போகின்றது. செருப்பின் புகழும் இப்படி வந்ததுதான். வடக்கே செருப்பு, தெற்கே சாவி. தேசிய ஒருமைப்பாட்டைத் தேடுகிறவர்கள் அறியாமையில் அது முன்பே நிறைவேறி விட்டதைக் காணலாம்!

சரி, வலிப்பு என்பதுதான் என்ன? நான் தேர்வில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன்.

நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலம். அமைதியாக இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் எழுபது பங்கு அளவுக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். அதன் சவ்வில் மதகுகள் உண்டு. தூண்டுதல் வந்ததும் சோடியம் மதகுகள் திறக்கின்றன. நம் சோற்று உப்பில் இருக்கும் அதே சோடியம் மின்னேற்றத்துடன் உள்ளே பாய்கின்றது. உடனே அம்மதகுகள் அடைபட, பொட்டாசியம் வெளியே பாய்ந்து பழைய நிலையை மீட்கின்றது. எல்லாம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் முடிந்து விடும். இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் கணவாயின் பருத்த நரம்பு இழையில் இதை அளந்து, 1952-ஆம் ஆண்டில் கணக்காகவே எழுதிக் காட்டினர். 1963-ஆம் ஆண்டில் அதற்காக நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டவும் செய்யும், அடக்கவும் செய்யும். இவ்விரண்டும் ஒத்த அளவில் இருக்கும் வரையில் மூளை ஒரு வாரச் சந்தையைப் போன்றது. ஆயிரம் பேர் பேசினாலும் அவரவர் தத்தம் வியாபாரத்தைப் பேசுகின்றனர். தூரத்திலிருந்து கேட்டால் ஒரே இரைச்சலாகத் தோன்றுமே தவிர, வேலை நடந்து கொண்டுதான் இருக்கும். அடக்குவது குறைந்து தூண்டுவது மிகுந்து விட்டால், சந்தை முழுதும் தன் வேலையை விட்டு விட்டு ஒரே கூச்சலை ஒரே தாளத்தில் போடத் தொடங்குகின்றது. அதுதான் வலிப்பு. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ஆம் ஆண்டில் மனிதன் தலையின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கருவியில் விழித்திருக்கும் மூளையின் அலைகள் சிறியவையாகவும் ஒழுங்கற்றும் தெரியும். வலிப்பின்போது மலை மலையாக எழும். ஒழுங்கு மிகுவதே இங்கே நோய்!

இவ்வளவுதான், நண்பர்களே. பேயும் இல்லை, சாபமும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இது தெய்வக் குற்றம் அன்று, மூளையில் தோன்றும் நோயே என்று எழுதி வைத்தனர். நம் மொழியில் இதற்குக் கால் கை வலிப்பு என்று பெயர். கண்டதைக் கண்டபடி சொன்ன நேர்மையான பெயர். அதுவே பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர். தேய்ந்த பெயரில் காக்கை வந்து உட்கார்ந்ததும், காக்கையை வைத்துக் கதைகளும் வந்து விட்டன. சொல்லின் வேரை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இது ஒரு சான்று.

இனி, என் கருத்தைச் சொல்கிறேன். நரம்பு உயிரியலை எம்.எஸ்ஸி. அளவில் கற்பிக்கும் முறையிலும், நாம் கற்கும் முறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கின்றது. அணுவிலிருந்து அணுச் சவ்வுக்கும், சவ்விலிருந்து மதகுக்கும், மதகிலிருந்து மரபுக் கூற்றுக்கும் இறங்கி இறங்கிச் செல்லக் கற்கிறோம். திரும்பி மேலே ஏறி, கீழே விழுந்து கிடக்கும் மனிதனிடம் வரக் கற்பதில்லை. என் வகுப்பில் விலங்கியல் பட்டம் பெற்று வந்தவர்கள் உண்டு. பௌதிகம் பயின்று வந்தவர்கள் உண்டு. முன்னவருக்குக் கணக்கு அச்சம். பின்னவருக்கு உயிரணு அச்சம். அந்த அச்சங்களைத் தீர்க்கவே முதலாண்டு போதவில்லை. நான் முன்னவன். வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டு ஓடிய நான், இங்கே வந்து ஒரு பௌதிக நண்பனின் காலடியில் உட்கார்ந்து அதைக் கற்றேன். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

"அது மருத்துவர்களின் வேலை அல்லவா? நீங்கள் ஆராய்ச்சிக்காரர்கள்தானே?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். அவருடைய கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. இன்னும் ஒரு படி மேலே சென்று அவருக்கு நானே ஓர் ஆயுதம் தருகிறேன். பீனோபார்பிட்டால் வலிப்பை அடக்கும் என்பது 1912-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. பெனிட்டாயின் வலிப்புக்கு மருந்தாவது 1938-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கணவாயின் நரம்பில் மதகுக் கணக்குப் போட்டது அதற்கெல்லாம் பிறகு. ஆக, மருந்து முன்னே வந்தது, விளக்கம் பின்னே வந்தது. அப்படியானால் எங்கள் விஞ்ஞானம் எதற்கு?

இதோ விடை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அது கூறுகின்றது. எஞ்சிய முப்பது பேர் கதி என்ன? அங்கேதான் விளக்கம் வேண்டியிருக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டு. பெனிட்டாயின் சோடியம் மதகை அடைபட்ட நிலையிலேயே சற்று அதிக நேரம் நிறுத்தி வைக்கின்றது. ஆகையால் மட்டுமீறித் துடிக்கும் அணுவுக்குக் கடிவாளம் விழுகின்றது. அளவாகத் துடிக்கும் அணு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. மிக நல்ல மருந்து. ஆனால் டிராவே நோய் என்ற ஒன்றுண்டு. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் வலிப்பாகத் தொடங்குவது. அந்தக் குழந்தைகளுக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்தால் வலிப்பு மிகுந்து விடும்! ஏன்? எஸ்.ஸி.என்.1ஏ என்ற மரபுக் கூற்றில் பழுது நேர்வது அந்நோய்க்கு முதன்மையான காரணம் என்பது 2001-ஆம் ஆண்டில் தெரிந்தது. அது ஒரு சோடியம் மதகின் மரபுக் கூறு. 2006-ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, அப்பழுதால் பெரிதும் நலிவது அடக்கும் நரம்பணுக்களே என்று காட்டிற்று. முன்பே நலிந்து கிடக்கும் காவற்காரனுக்கு மேலும் விலங்கு பூட்டினால் சந்தையில் கூச்சல் குறையுமா? ஒரே மருந்து ஒருவனுக்கு அமுதமாகவும் மற்றொரு குழந்தைக்கு நஞ்சாகவும் ஆவதன் மர்மம், கணவாயில் தொடங்கிய கணக்கினால்தான் விளங்கிற்று. ஆகவே ஆராய்ச்சி வேண்டாம் என்பது பேதைமை. மருத்துவர் தனி, நாம் தனி என்று சுவர் எழுப்பிக் கொள்வதும் பேதைமையே.

அச்சுவரை இடித்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கின்றனர். ஜேக்கப் சாண்டி கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் பென்பீல்டு என்ற பேரறிஞரிடம் பயின்றார். வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போதே மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை ஆள்கின்றது என்று படம் வரைந்தவர் அப் பென்பீல்டு. சாண்டி அங்கேயே தங்கி விடவில்லை. திரும்பி வந்து 1949-ஆம் ஆண்டில் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அத்துறையை வளர்த்தார். இன்று தில்லிக்கு அருகே மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பு விஞ்ஞானத்துக்கும் உரிய தேசியக் கழகம் இருக்கின்றது. இடத்துக்குக் குறைவில்லை.

ஆராய வேண்டிய கேள்விகளுக்கும் குறைவில்லை. அவை நம் வீட்டுக் கிணற்றடியிலேயே கிடக்கின்றன. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வலிப்பு வருகின்றது. வெந்நீர் வலிப்பு என்றே அதற்குப் பெயர். உலகிலேயே மிகுதியாக அது தென்னிந்தியாவில்தான், குறிப்பாகக் கர்நாடகத்தில், பதிவாகியிருக்கின்றது. சூடு குறைந்த நீரில் குளிப்பதே அதற்கு முதல் மருந்து. இன்னொன்று: நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான நீரிலும் உணவிலும் கலந்து வயிற்றுக்குள் போனால், அதன் குட்டிப் புழு மூளை வரை சென்று தங்கி வலிப்பை உண்டாக்கும். புலால் உண்ணாதவர்க்கும் இது வரும். நம் நாட்டில் வலிப்புக்குத் தடுக்கக் கூடிய காரணங்களில் இது முக்கியமானது. தடுக்கும் முறையோ கழிப்பிடமும் கை கழுவுதலும்! இவற்றை எத்தனை வீடுகளில் அறிவார்கள்? அறிந்த நாம் எத்தனை பேருக்குச் சொன்னோம்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1976-ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தால், மீண்டும் மீண்டும் வலிப்பு வருவதை மணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 1999-ஆம் ஆண்டில் அச்சொல்லை நீக்கி விட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய் விட்டது. நம் தரகர்களின் வாயிலிருந்தும் சம்பந்திகளின் காதிலிருந்தும் போகவில்லை. தம்பி வலிப்பில் விழுந்ததற்காக அக்காள் கலியாணம் நிற்கும் என்று ஓர் இளைஞன் நடுங்குகிறான். அந்த நடுக்கத்தை எந்த மருந்துக் கம்பெனியும் தீர்க்காது. நாம்தான் தீர்க்க வேண்டும்.

இன்னொரு கடனும் எங்கள் மேல் இருக்கின்றது. சொல்லத் தயக்கமாக இருக்கின்றது. ஆயினும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுக் கூடத்தில் எலியின் மூளையை மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு கனத்துக்குச் சீவுவோம். பிராண வாயு குமிழியிடும் உப்பு நீரில் அந்தச் சீவல் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். நுனி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குழாயை ஓர் அணுவின்மேல் ஒட்டி, அதன் துடிப்பைத் திரையில் காண்போம். முதன்முதல் அதைக் கண்ட நாள் எனக்கு உறக்கமில்லை. பாதி வியப்பு, பாதி உறுத்தல். 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. ஒழுக்கக் குழு உண்டு. வேதனை குறைக்க முறைகள் உண்டு. எல்லாவற்றையும் பின்பற்றுகிறோம். ஆனாலும் ஓர் உயிர் போகின்றது. அந்த உயிர் கொடுத்த பாடம் என் மதிப்பெண் பட்டியலோடு நின்று போனால், நான் அதற்கு என்ன பதில் சொல்வேன்? விழுந்த தம்பியின் கையில் சாவியைத் திணிப்பதற்கா அந்த எலி செத்தது?

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, நரம்பு உயிரியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் பட்டம் பெறுமுன் சில நாட்களேனும் ஓர் அரசாங்க மருத்துவமனையின் நரம்பு நோய்ப் பிரிவில், வெளி நோயாளிகள் வந்து உட்காரும் இடத்தில், ஓர் ஓரமாக இருந்து கேட்க வேண்டும். மருந்து கொடுக்க அன்று, காது கொடுக்க. பாடத் திட்டத்தில் இது இடம் பெறும் வரை காத்திராமல், ஆசிரியர்களிடம் நாமே கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, ஆய்வேட்டை முடிக்கும் எவரும் அதன் சாரத்தை இரண்டு பக்கத்தில் தம் தாய்மொழியில் எழுத வேண்டும். கலைச்சொல் இல்லையே என்று கை விரிக்க வேண்டாம். மதகு என்ற சொல் உழவர்க்குத் தெரியும். சந்தை என்ற சொல் எல்லார்க்கும் தெரியும். புதுச் சொல் வேண்டிய இடத்தில் ஆக்கிக் கொள்வோம். வழங்கும் சொல்லே போதுமான இடத்தில் அதை வைத்துக் கொள்வோம். இக்கட்டுரையை எழுதும்போது ஒன்றைக் கண்டேன். எந்த வாக்கியம் தமிழில் வர மறுத்ததோ, அந்த வாக்கியத்தை நான் ஆங்கிலத்திலும் சரியாக விளங்கிக் கொண்டிருக்கவில்லை! புத்தகத்தை மீண்டும் புரட்ட வேண்டியதாயிற்று. தமிழில் எழுதுவது மொழித் தொண்டு என்று நினைத்திருந்தேன். எனக்கே அது ஒரு தேர்வு என்று இப்போது அறிகிறேன்.

மூன்றாவது நம் சங்கம் செய்ய வேண்டியது. வரவேற்புக் கூட்டத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வலிப்பு கண்டவரை என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டுவோம். பிடித்து அழுத்தாதே; வாயில் எதையும் திணிக்காதே; சுற்றிலும் உள்ள பொருள்களை விலக்கு; தலைக்கு மெத்தென்று ஏதாவது வை; ஒருக்களித்துப் படுக்க வை; நேரத்தைப் பார்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடியும் வந்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டு போ; விழித்தெழும் வரை பக்கத்தில் இரு. இவ்வளவே. இதற்கு எம்.எஸ்ஸி. பட்டம் வேண்டியதில்லை. ரொட்டி சுடும் பெரியவரையே அழைத்து வந்து செய்து காட்டச் சொல்லலாம் என்பது என் ஆசை. அவர் இந்தியில் சொல்லட்டும். நான் தமிழில் சொல்கிறேன்.

தேர்வுக் காலத்தில் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லி விடலாம். தூக்கம் வருகிறதென்றால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். நாமாக நிறுத்துவது கூடாது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "என்ன வேலை கிடைக்கும், அண்ணா?"

தம்பி, தங்கையே, உண்மையைச் சொல்லுகிறேன். எம்.எஸ்ஸி. பட்டம் மட்டும் இத்துறையில் அதிகக் கதவுகளைத் திறப்பதில்லை. மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்யும் பொறுமையும் வீட்டாரின் பொறுமையும் வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஏக்கத்தைத் தீர்த்துக் கொள்ள இங்கே வராதே, தீராது. மனத்தின் இரகசியமெல்லாம் முதல் ஆண்டிலேயே விளங்கி விடும் என்று வராதே. முதல் ஆண்டில் விளங்குவது மின்சாரமும் புள்ளி விவரமும்தான். நாள் முழுதும் உட்கார்ந்து ஓர் அணுவும் கிடைக்காமல் எழுந்து போகும் மாலைகள் பல உண்டு. அவற்றைத் தாங்குவாயானால் வா. கணக்குக்கு அஞ்சாதே, கற்றுத் தரப் பௌதிக நண்பர்கள் இருக்கின்றனர். ஒரு நிபந்தனை மட்டும்: கற்றதை உன் தெருவுக்குச் சொல்லத் தெரிந்து கொண்டு வா, அல்லது தெரிந்து கொள்ளும் எண்ணத்தோடாவது வா.

அந்தத் தம்பி இவ்வாண்டு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாத்திரை இப்பொழுது சத்து மாத்திரைப் புட்டியில் இல்லை. அதன் சொந்த அட்டையிலேயே மேசைமேல் இருக்கின்றது. அறைத் தோழனுக்குச் சொல்லி விட்டான். அந்தப் பஞ்சாபி நண்பன் இரவு பத்து மணியானால், "மாத்திரை போட்டாயா?" என்று தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் கேட்கிறானாம். அக்காளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. வந்து பார்க்கும் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி விடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கின்றதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, தானே அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கப் போவதாகச் சொல்கிறான். அதற்காக இந்தக் கட்டுரையின் ஒரு படியை முன்பதிவு செய்திருக்கிறான். என் படிப்புக்கு இதுவரை கிடைத்த வேலைகளில் இதுவே பெரிது.